பங்கும் பணியும்



'பங்கு' என்னும் தமிழ்ச் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். முதுசொத்திற் பங்கு, விளைச்சலிற் பங்கு, இன்பத்திற் பங்கு, துன்பத்திற் பங்கு என்றெல்லாம் கூறுகின்றோம். தமிழ்க் கத்தோலிக்க மக்கள் ஓர் ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் தம் சமூகத்துக்கும் இதே சொல்லைப் பெயராக இட்டிருக்கின்றனர். "நீங்கள் எந்தப் பங்கு?" என்று ஒருவரையொருவர் வினவுவர். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் பெயர் 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அயலிலே குடியிருத்தல் என்பது அதன் பொருள். கிரேக்கச் சொல் அயலைக் காட்டுகின்றது. தமிழ்ச் சொல் பாகத்தைக் காட்டுகின்றது. இரண்டையும் இணைத்துப் பார்த்தால், அயலிலே குடியிருப்போர் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய பாகத்தைப் பெறவும் கொடுக்கவும் கடமைப்பட்ட இடம் எதுவோ, அதுவே பங்கு என்பது தெளிவாகின்றது.

பெறுதல் எளிது. குழந்தைக்கு ஞானஸ்நானம் பெறுகின்றோம். மகளுக்குத் திருமண ஆசி பெறுகின்றோம். இறந்தவருக்குச் சேமக்காலையில் ஆறடி நிலம் பெறுகின்றோம். கொடுத்தல் என்று வரும்போதுதான் தயக்கம் பிறக்கின்றது. ஞாயிறு வழிபாட்டின் முடிவிலே பங்குத் தந்தை எழுந்து, "மறைக்கல்வி வகுப்புக்கு ஆசிரியர் இருவர் தேவை, நோயாளரைச் சந்திக்கும் குழுவுக்குச் சிலர் தேவை, விரும்புவோர் பெயர் தரலாம்" என்று அறிவிக்கின்றார். கேட்டவர் அனைவருக்கும் அது நல்ல காரியமென்றே தோன்றுகின்றது. ஆயினும், அடுத்த வாங்கில் இருப்பவர் செய்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு வாயிலை நோக்கி நடக்கின்றனர். இத்தயக்கத்தைப் பற்றியும், அதனை வென்றவர்களைப் பற்றியுமே இன்று பேச விழைகின்றேன்.

கண்டிக்கு வடக்கே, மாத்தளை செல்லும் பெருவீதியில் அமைந்த அக்குறணையிலே அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராகப் பணிபுரிகின்றேன். அவ்வூரிற் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். நானும் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவனல்லன். அங்ஙனமாயின் இவ்விடயத்திற் பேச உமக்கென்ன உரிமை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அயல் வீட்டுக்காரன் என்பது ஓர் உரிமை. வரலாற்றை விரும்பிக் கற்றவன் என்பது மற்றோர் உரிமை. ஊதியமின்றி உழைக்க முன்வருவோரை நம்பியே இயங்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு நெடுங்காலம் பழகியவன் என்பது மூன்றாவது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கும், கோயில் பரிபாலன சபைக்கும், விகாரையின் தாயக சபைக்கும் உள்ள சிக்கல்களே பங்குக்கும் உள்ளன. எனவே, ஒரு வீட்டின் கதையைக் கூறினால் நான்கு வீட்டாருக்கும் அது பயன்படும்.

இக்கதைக்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டி மாநகரமே அதன் களம்.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துக்கேயர் காலத்திலே பரவியிருந்த கத்தோலிக்க சமயம் அன்றுமுதல் ஒல்லாந்தரின் ஆட்சிப் பரப்பிலே தடைசெய்யப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டனர். ஒரு குருவுக்கு இடங்கொடுப்பவருக்கு மரணதண்டனை விதிக்கப்படும் எனக் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் சீர்திருத்தச் சபையாரின் கைக்கு மாறின. ஒரு சமூகத்துக்கு அதன் குருவையும் ஆலயத்தையும் ஒரே சமயத்தில் இல்லாமற் செய்துவிட்டால் அது எத்தனை நாள் நிலைக்கும்? ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும் என்பதே ஆட்சியாளரின் கணிப்பாக இருந்திருத்தல் வேண்டும்.

கணிப்பு பொய்த்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்தபின், 1687ஆம் ஆண்டிலே, கோவையைச் சேர்ந்த ஒரு குரு கூலியாளின் கோலத்திலே தூத்துக்குடியிலிருந்து கடல்கடந்து யாழ்ப்பாணம் வந்தார். அவரே யோசேவாஸ் அடிகளார். நான் இங்கே கோவை என்பது போர்த்துக்கேயரின் இந்தியத் தலைநகராயிருந்த கோவாவை. அவர் 1651இல் அந்நாட்டிலே பிறந்தவர்; தமிழ் மொழியைக் கற்றுக்கொண்டே இங்கு புறப்பட்டவர். வந்திறங்கியவுடன் நோய்வாய்ப்பட்டார். நோய் தணிந்தபின், கத்தோலிக்கர் எவர் என்று அறியும் பொருட்டுக் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என்று அவர் வரலாறு கூறும். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்த வீடுகள் இருந்தன. குருவைக் கண்டறியாத ஒரு தலைமுறை வளர்ந்திருந்தபோதிலும் செபங்கள் மறக்கப்பட்டிருக்கவில்லை.

அச்செபங்களைக் காத்தவர் யார்? பட்டம் பெற்றவரல்லர், ஊதியம் பெற்றவருமல்லர். வீட்டுப் பெரியோரும் ஊர்ப் பெரியோருமே அவற்றைக் காத்தனர். யோசேவாஸ் இதனை நன்கு உணர்ந்துகொண்டார். தாம் ஒருவரே தீவு முழுவதும் நடந்து தீர்க்க முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்தது. அவர் வந்தபின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வரை அவருக்குத் துணையாக வேறொரு குரு இத்தீவிலே இருக்கவில்லை. ஆகவே, ஒவ்வொரு சிற்றாலயத்திற்கும் பொறுப்பாகப் பொதுமக்களிலிருந்தே ஆள்களை நிறுத்தி, அவர்கள் பணியை ஒழுங்குபடுத்தினார். ஆலயத்தையும் அதன் பொருளையும் மக்களின் ஒழுங்கையும் கவனிப்பவர் மூப்பர். செபஞ் சொல்லிக்கொடுத்து, ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்துபவர் அண்ணாவியார். சாகுந் தறுவாயிலுள்ள சிசுவுக்கு ஞானஸ்நானம் அளிப்பதும், இறந்தவரை முறைப்படி அடக்கஞ் செய்விப்பதும், குரு வருகின்றார் என்ற செய்தியை இரவோடிரவாக அடுத்த ஊருக்கு எட்டச் செய்வதும் இத்தகையோரின் பணியாயின. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவார். எஞ்சிய நாள்களிலெல்லாம் அண்ணாவியாரும் மூப்பருமே பங்கு.

இப்பணிக்கு அவர்கள் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. யோசேவாஸ் யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்த காலத்தில், கிறிஸ்து பிறப்பு விழா இரவொன்றிலே கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். குரு தப்பினார், மக்கள் பிடிபட்டனர். கசையடியும் சிறைவாசமும் அவர்களுக்குக் கிடைத்தன. இன்று நம்மிடம் ஒரு மணி நேரம் கேட்கப்படும்போது நாம் கூறும் காரணங்களை அந்த இரவின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நன்று.

1692ஆம் ஆண்டிலே யோசேவாஸ் கண்டி இராச்சியத்துட் புகுந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். சிறையிலிருந்தவாறே சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்தபோது ஒரு குடிலையே ஆலயமாக்கினார். காலப்போக்கிலே இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருடைய தூய வாழ்வை அறிந்து, நாட்டிலே தடையின்றிப் பணிபுரிய அனுமதித்தான். பௌத்த மன்னன் ஒருவன் கத்தோலிக்கக் குருவுக்குக் காட்டிய அப்பெருந்தன்மை நம் நாட்டு வரலாற்றிலே பொன்னெழுத்தாற் பொறிக்கத் தக்கது.

1697ஆம் ஆண்டிலே கண்டி நகரை வைசூரி பற்றிக்கொண்டது. அக்காலத்து மக்கள் அந்நோய்க்கு அஞ்சியதுபோல் வேறெதற்கும் அஞ்சியதில்லை. நோயுற்றவர்களைக் காட்டிலும் தெருவிலும் விட்டுவிட்டு உறவினரே அகன்றனர். நகரம் வெறிச்சோடியது. அவ்வேளையில் யோசேவாசும், அவருடைய மருமகனாராகிய கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோருக்குக் குடில்கள் அமைத்தனர், கஞ்சி வார்த்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் கையாலே புதைத்தனர். படுத்திருந்தவர் பௌத்தரா, கத்தோலிக்கரா, வேறு சமயத்தவரா என்று அவர்கள் கேட்கவில்லை. ஆயர் பதவி பின்னர் தம்மைத் தேடி வந்தபோதும் அவர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆயினும், கண்டியிலே அவர் உடல் புதைக்கப்பட்ட இடம் இன்றுவரை அடையாளங் காணப்படவில்லை. கல்லறை மறைந்துவிட்டது, அவர் ஒழுங்குபடுத்திய பணி மறையவில்லை.

அதற்கும் சோதனை வந்தது. 1740களிலே கண்டி மன்னன் கத்தோலிக்கக் குருமாரைத் தன் நாட்டிலிருந்து வெளியேற்றினான். முன்னர் யாழ்ப்பாணத்துக்கு நேர்ந்தது இப்போது மலைநாட்டுக்கும் நேர்ந்தது. மாத்தளை மாவட்டத்து வஹக்கோட்டையிலே பழைய கத்தோலிக்கக் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்திற்கு இன்றும் யாத்திரிகர் திரள்கின்றனர். நெடுங்காலம் குருவானவரின் முகத்தை அரிதாகவே கண்ட அம்மக்கள் தம் சமயத்தைக் கைவிடாமல் வாழ்ந்தது எவ்வாறு? வீட்டிலே செபஞ் சொல்லிக்கொடுத்த தாயும், ஊரைக் கூட்டிய பெரியவரும் இல்லாமல் அது நிகழ்ந்திருக்க முடியுமா? கரையோர மாகாணங்களில் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகள் 1806ஆம் ஆண்டிலே ஆங்கில ஆட்சியாளரால் நீக்கப்பட்டன. அந்நாள்வரை இச்சமூகத்தைத் தாங்கி நின்ற தூண்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பெயர்கூட எஞ்சவில்லை.

பின்னர் கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் மலைநாட்டிலே எழுந்தன. தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்களுட் கிறிஸ்தவரும் இருந்தனர். 1854ஆம் ஆண்டளவிலே அங்கிலிக்கன் சபையார் கண்டியை நடுவிடமாகக் கொண்டு தோட்டத் தமிழரிடையே தனியொரு பணியைத் தொடங்கினர். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந் தோட்டமாகக் கால்நடையாகச் சென்றனர். கத்தோலிக்கத் தோட்ட மக்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. குருவானவர் மலையேறி வரும் நாள் ஒன்று. அவர் வராத நாள்கள் பல. அந்நாள்களிலே லயத்துக் காம்பராவிலோ சிறு கோவிலிலோ விளக்கேற்றிச் செபமாலையைத் தொடங்கிய ஒருவர் எப்பொழுதும் தேவைப்பட்டார். பகல் முழுவதும் மலையிலே உழைத்தவரே மாலையில் அப்பணியையும் ஏற்றார்.

நேயர்களே, இவ்வரலாறு நமக்குக் கூறும் உண்மை ஒன்றே. குருவானவர் இல்லாமற் பல்லாண்டு வாழ்ந்த பங்குகள் உண்டு. பணியாளர் இல்லாமல் ஓர் ஆண்டு வாழ்ந்த பங்கு கிடையாது. துன்பக் காலத்திலே இதனை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தாம் செய்யாவிடிற் செய்வார் இல்லை என்பது அண்ணாவியாருக்குத் தெரியும். நல்ல காலத்திலேதான் இவ்வுண்மை மறைந்துபோகின்றது. ஆலயம் நிமிர்ந்து நிற்கின்றது. குருவானவர் அறைவீட்டிலே இருக்கின்றார். மணி தவறாது ஒலிக்கின்றது. எல்லாம் தாமாக நடப்பதுபோலத் தோன்றுகின்றது.

தாமாக எதுவும் நடப்பதில்லை. ஞாயிறு காலை ஆலயக் கதவு திறக்குமுன் யாரோ ஒருவர் தரையைப் பெருக்கியிருக்கின்றார். யாரோ ஒருவர் பீடத்துத் துணிகளைத் துவைத்துக் காயவைத்து மடித்து வைத்திருக்கின்றார். வாசகத்தை முதல்நாளே படித்துப் பழகியவர் ஒருவர் இருக்கின்றார். பாடகர் குழாத்துச் சிறுவர்களுக்கு மாலை தோறும் சுருதி சேர்க்கப் பழக்கியவர் ஒருவர் இருக்கின்றார். பாயிற் படுத்திருக்கும் முதியவரின் வீட்டை அறிந்து குருவானவரை அங்கு அழைத்துச் செல்பவர் ஒருவர் இருக்கின்றார். இவர்களுள் எவரேனும் ஒரு வாரம் வராவிட்டாற்றான் அவர் இதுகாறும் வந்துகொண்டிருந்தார் என்பதே நமக்குத் தெரிகின்றது.

கத்தோலிக்கத் திருச்சபையும் பொதுமக்களின் இப்பணியைத் தன் சட்டத்திலும் போதனையிலும் வரையறுத்துக் கூறியுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலே பொதுநிலையினரின் பணி குறித்துத் தனியொரு கொள்கைத்திரட்டை வெளியிட்டது. குருவுக்கு ஆள் போதாமையால் மக்களைக் கூப்பிடுவதாக அது கூறவில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் இப்பணி உரியது என்றே கூறிற்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஆயர் நன்றெனக் கருதுமிடத்துப் பங்குதோறும் அருட்பணிச் சபை அமைக்கப்படலாம் என்கின்றது. நிதிச் சபையோ ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆகவேண்டும் என்கின்றது. வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிநிலைகள் 1972ஆம் ஆண்டிலே பொதுநிலை ஆண்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2021ஆம் ஆண்டு சனவரியிலே பெண்களுக்கும் அவை திறக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்திலே மறையாசிரியர் பணியும் முறையான திருப்பணியாக நிறுவப்பட்டது. கண்டியின் அண்ணாவியார் 300 ஆண்டுகளுக்கு முன் செய்த பணிக்கு உரோமாபுரி அளித்த ஏற்பு என்றே இதனை நான் படித்தேன்.

இளைஞருக்கு ஓர் எடுத்துக்காட்டும் கூறுகின்றேன். 1833ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துப் பல்கலைக்கழக மாணவராகிய பிரெடெரிக் ஒசானாம், தம் தோழர் சிலருடன் சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குச் செல்லும் ஒரு சிறு கழகத்தைத் தொடங்கினார். அவருக்கு அப்போது வயது 20. அக்கழகமே புனித வின்சன்ட் டி போல் சபையாக உலகெங்கும் பரவி, நம் நாட்டுப் பங்குகளிலும் வேரூன்றியது. அவர்கள் வகுத்த முறை மிக எளியது. ஏழையை அலுவலகத்துக்கு வரச்சொல்லாதே. நீயே அவன் வீட்டுக்குச் செல். தனியே செல்லாதே, இருவராகச் செல். கண்டதை ஊருக்கு உரைக்காதே. இம்மூன்று விதிகளும் எந்தச் சமயத்துத் தொண்டருக்கும் பொருந்துவனவே.

இனி நம் மலைநாட்டுக்கே உரிய ஒரு தேவையைக் கூற வேண்டும். கண்டியைச் சூழ்ந்த பங்குகளிலே சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே ஆலயத்தின் கீழ் வாழ்கின்றனர். ஒரு மொழியில் மட்டும் அறிவித்தல் வாசிக்கப்படும்போது, மற்ற மொழியினர் தம் வீட்டிலேயே விருந்தாளிகளாகி விடுகின்றனர். தோட்டத்திலிருந்து வந்த தாய் ஒருத்தி, ஞானஸ்நானப் பத்திரத்திலே பிள்ளையின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பதைச் சொல்லத் தெரியாமல் வாசலிலே நிற்பாள். பின்னாளிலே அப்பிழை பாடசாலை அனுமதியிலும் அடையாள அட்டையிலும் அப்பிள்ளையைத் தொடர்ந்து வருத்தும். அதிபர் மேசையின் முன் இத்தகைய பத்திரங்களோடு வந்து நிற்கும் பெற்றோரை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். இரு மொழியும் அறிந்த இளைஞர் ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம் பங்கு அலுவலகத்தில் அமர்வாராயின், எத்தனையோ பிள்ளைகளின் அலைச்சல் தீரும். யோசேவாஸ் அடிகளார் தமிழையும் சிங்களத்தையும் கற்றார். அவருக்குப் பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். மலைநாட்டுப் பங்குக்கு அவர்கள் விட்டுச்சென்ற முதுசம் இதுவே.

பணியின் சிறப்பைப் பேசிவிட்டு அதன் பிணிகளைப் பேசாதொழிவது நேர்மையாகாது.

முதற்பிணி, மரியாதைப் பசி. திருநாட் காலத்தில் பந்தலின் கீழே ஓடியாடத் தொண்டர் பலர் வருவர். திருநாள் முடிந்த மறுநாள் வாழைத்தண்டையும் காகிதப் பூவையும் அள்ள ஒருவரும் இரார். பெயர் வாசிக்கப்படும் பணிக்குப் போட்டி. பெயர் வாசிக்கப்படாத பணிக்குப் பஞ்சம். முன்வாங்கிலே இருக்கை கிடைக்கும் என்று வருபவர், அவ்விருக்கை கிடையாத அன்று போய்விடுவார்.

இரண்டாம் பிணி, பொறுப்பை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளுதல். இருபது ஆண்டுகளாக ஒரே மனிதரிடம் ஒரே பொறுப்பு இருப்பதை நாம் பெருமையாகக் கூறுகின்றோம். அவரிடம் கற்றுக்கொண்டவர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. திறவுகோல் எங்கேயுள்ளது என்பது ஒருவருக்கே தெரிந்திருக்கும் ஆலயம், அவர் நோயுற்ற அன்று பூட்டியே கிடக்கும். வாரிசை ஆக்காத தொண்டு பாதித் தொண்டே. யோசேவாஸ் கோவாவுக்குக் கடிதம் எழுதித் துணைவரை வரவழைத்தார். வந்தவர்களிடம் நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்படைத்தார். அதனாற்றான் அவர் மறைந்தபின்னும் பணி நின்றது.

மூன்றாம் பிணி, கணக்கின்மை. கடவுளுக்காகச் செய்கின்றேன் என்பவரிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பு என்று சிலர் கருதுகின்றனர். நான் கூறுவேன், கணக்குக் காட்டுவதே தொண்டரின் கௌரவம். காணிக்கைப் பெட்டி திறக்கப்படும்போது இருவர் கண்கள் அதன்மேல் இருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டு எழுதப்படுதல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை கணக்கு மக்கள்முன் வாசிக்கப்படுதல் வேண்டும். ஒளிவுமறைவில்லாத இடத்திலேதான் நல்லவர் துணிந்து பணியேற்பர்.

நான்காவதாக, மிகவும் கருத்தோடு கூறவேண்டியது சிறுவர் பாதுகாப்பு. ஒருவர் விரும்பி முன்வந்தார் என்பதற்காகவே பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தலாகாது. அவர் யார், முன்னர் எங்கே பணிபுரிந்தார் என்று விசாரிக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் தனியறையிலே பிள்ளையோடு இருத்தலாகாது என்னும் விதியை எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டும். உண்மைத் தொண்டர் இவ்விதியாற் புண்படமாட்டார். அது தமக்கும் அரண் என்பதை அவர் அறிவார்.

"நேரமில்லை" என்பது நாம் கூறும் முதற் காரணம். அதில் உண்மையும் உண்டு. வேலைக்குச் செல்லும் தாய்க்கும், இரவு வேலை செய்யும் தந்தைக்கும் ஓய்வு அரிது. வீட்டுக் கடமையைக் கைவிட்டு ஆலயக் கடமைக்கு ஓடுவதை எந்தச் சமயமும் கேட்கவில்லை. ஆகையால் அளவறிந்து ஏற்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று சொல்லி, அந்தச் சனிக்கிழமை தவறாது வருபவர், எல்லா நாளும் வருவேன் என்று சொல்லி மூன்றாம் வாரத்திலே மறைபவரைவிடப் பன்மடங்கு பயனுள்ளவர். பணியைக் கேட்பவரும் இதனை மனங்கொள்ள வேண்டும். "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எவரும் வரார். "ஆறு மாதத்திற்கு, ஞாயிறு காலை எட்டு மணிமுதல் ஒன்பது மணிவரை, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம்" என்று வரையறுத்துக் கேட்டால் வருவார் உளர். கேட்கப்படாமையாலேயே வராதவர் நம்மிடையே எத்தனை பேர்! ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், தையல் தெரிந்த பெண், மின்சார வேலை தெரிந்த இளைஞர் ஆகியோரிடம் அவரவர் திறமையைச் சொல்லி நேரிற் கேட்டுப் பாருங்கள்.

"எனக்குத் தகுதியில்லை" என்பது இரண்டாவது காரணம். அண்ணாவியாருள் மெத்தப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? தாம் அறிந்த செபத்தை அறியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தனர்; அவ்வளவே. கற்பித்தலினாலேதான் கற்கின்றோம் என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்த உண்மை. முன்னர் தோட்டப் பகுதியொன்றிலே நான் கற்பித்த காலத்தில், ஆலயத்திலே வாசகம் வாசித்துப் பழகிய மாணவரை வகுப்பிலே எளிதில் அடையாளங் காண்பேன். எழுந்து நின்று, குரலை நிறுத்தி, பொருளுணர்ந்து வாசிப்பர். அவர்களுக்கு அதனைக் கற்பித்தது நானல்லேன். ஊதியம் பெறாத ஒருவர் கற்பித்தார். அப்பயனை நான் அனுபவித்தேன்.

இறுதியாக, பங்கின் எல்லை ஆலய மதிலோடு முடிவதா என்னும் கேள்வி எஞ்சுகின்றது. வைசூரி வந்தபோது யோசேவாஸ் அதற்கு விடை கூறிவிட்டார். எங்கள் ஊரிலே பிங்கா ஓயா பெருக்கெடுத்துக் கடைத்தெருவை மூழ்கடிப்பதுண்டு. வெள்ளம் வடிந்தபின் சேற்றை அள்ள வருபவனின் சமயத்தை அங்கு எவரும் விசாரிப்பதில்லை. துயரம் வரும்போது இயல்பாய் எழும் இவ்வுறவை, துயரம் இல்லாத நாளிலும் பேணுவதே கடினமான பணி.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, நம் நாட்டு ஆலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே ஞாயிறு வகுப்பை முடித்து வந்திருந்த சிறுவர் பலர் மாண்டனர். வந்த அந்நியனை ஆலயத்தின் உள்ளே விடாது மறித்து நின்ற ஒருவர் தம் உயிரையே கொடுத்தார். அச்செயலைச் செய்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைக் கூறிக்கொண்டமையால், எங்களைப் போன்ற ஊர்களிலே அந்நாள் வேறொரு வகையிலும் நெஞ்சைப் பிளந்தது. அதற்குப் பின்வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாசிக்க வாசகரும், கற்பிக்க மறையாசிரியரும், வாயிலிலே நிற்கத் தொண்டரும் வந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் நான் வியக்கின்றேன். அச்சத்தை மீறி வந்த அவர்கள், ஒல்லாந்தர் காலத்து அண்ணாவியாரின் வழித்தோன்றல்களே.

நேயர்களே, உங்களுட் கிறிஸ்தவராயிருப்போர் வரும் ஞாயிறன்று ஆலயத்திலே அறிவித்தலைக் கேட்பீர்கள். கேட்டபின் ஒரு பணியை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள், சிறியதாக இருக்கட்டும். அதற்கு ஒரு காலவரையறை வையுங்கள். அக்காலம் முடியுமுன் அதனை மற்றொருவருக்குப் பழக்கிவிடுங்கள். பிற சமயத்தவராயிருப்போர், உங்கள் பள்ளிவாசலிலும் கோயிலிலும் விகாரையிலும் இதே அறிவித்தல் வேறு சொற்களிலே வந்துகொண்டிருப்பதைச் செவிமடுங்கள். பெற்ற பாகத்துக்கு ஈடாகக் கொடுக்கும் பாகமும் உண்டு என்பதை உணர்ந்த அயலவர் வாழும் ஊரிலே அச்சத்துக்கும் பகைக்கும் இடம் குறையும்.